மின்கிதாரின் தந்தி மெலிந்த கதை

மின்கிதாரின் தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தமும், மெல்லிய கம்பிச்சுருளும் இருப்பதைக் காணலாம். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளினூடே காந்தப் புலம் மாறுகிறது. உடனே சுருளில் மின்னோட்டம் எழுகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. இம்முறையில் இயங்கும் கிதாரை ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1932-இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டு வந்தனர். காந்தத்துக்கு வசப்படாத நைலான் தந்தி இதற்கு ஏன் உதவாது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எஃகு என்று முடிவாயிற்று; எவ்வளவு தடிமன்? இதற்கு விடை 1636-இலேயே கிடைத்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் மெர்சேன் அவ்வாண்டு வெளியிட்ட விதிகளின்படி, நீளமும் சுருதியும் மாறாதிருக்க, தந்தியின் விட்டம் பாதியானால் இழுவிசை கால் பங்காகும். கிதாரின் முதல் தந்தி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமனாக இருந்தால், சுருதி சேர்க்க ஏறத்தாழ 10.5 கிலோகிராம் இழுவிசை வேண்டும். 9 பங்கானால் சுமார் 6 கிலோகிராம் போதும். வெறும் 3 பங்கு வேறுபாடு. விசையோ பாதியை நெருங்கிக் குறைகிறது!

1950-களில் கடைகளில் கிடைத்தவை தடித்த தந்திகளே. வீணையில் கமகத்துக்காகத் தந்தியை இழுப்பதுபோல் கிதாரிலும் இழுத்து வாசிக்க இளம் கலைஞர்கள் விரும்பினர்; விரல் இடம் கொடுக்கவில்லை. ஜேம்ஸ் பர்ட்டன் போன்றோர் ஒரு வழி கண்டனர். முதல் தந்தியின் இடத்தில் மெல்லிய பான்ஜோ தந்தியைக் கட்டி, மற்றவற்றை ஒவ்வோர் இடம் கீழே தள்ளினர். ஆறாவது தந்தி மிச்சமாயிற்று!

கலிபோர்னியாவில் கிதார்க் கடை வைத்திருந்த எர்னி பால், 29 பங்கு தடிமனான மூன்றாம் தந்தியை அழுத்த முடியாமல் மாணவர்கள் திணறுவதைக் கண்டார். மெல்லிய தந்தி செய்யுமாறு ஃபெண்டர் நிறுவனத்தைக் கேட்டார், அது மறுத்தது. 1960-களின் தொடக்கத்தில் தாமே தருவித்து விற்றார். 10 முதல் 46 பங்கு வரையிலான அவரது தொகுதி உலகெங்கும் பரவியது.

எனினும் மெலிவே மேன்மை என்று கொள்ளவேண்டாம். சுருதியை இறக்கி வாசித்தால் மெல்லிய தந்தி தொய்ந்து, பலகையில் உரசும். அங்கே தடித்ததே ஏற்றது. நீங்கள் தந்தி வாங்கும்போது முதலில் சுருதியை முடிவு செய்யுங்கள். பிறகு தடிமனை விரலிடம் கேளுங்கள்.