எண்ணத்திற்கு எத்தனை நொடி?

எண்ணம் ஆவியின் வேலை, அதற்கு ஏது அளவு என்று கேட்டோர் புரோகிதர் மட்டுமல்லர். நரம்பின் விரைவை அளத்தல் இயலாது என்றே ஜெர்மானிய உடலியல் மேதை யோஹானஸ் முல்லரும் கருதினார். ஆசானின் சொல்லை வேதவாக்காகக் கொள்ளாத மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1850-இல் தவளைக்கால் நரம்பில் அளந்தே காட்டினார்: நொடிக்குச் சுமார் 27 மீட்டர். ஒலியின் விரைவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

நரம்புக்கே காலம் தேவையெனில் நினைப்புக்கு? ஹாலந்தின் கண் மருத்துவர் டாண்டர்ஸ் 1868-இல் விடை தந்தார். காலில் மெல்லிய மின்னதிர்ச்சி. பட்ட பக்கத்துக் கையை அசைக்க வேண்டும். எக்கால் என முன்னரே அறிந்தால் விரைவு. அறியாவிடில் 1/15 நொடி தாமதம். அத்தாமதமே இடமா வலமா என உள்ளம் தேர்ந்த நேரம் என்றார். கண்ணிமைக்கும் நேரம் என்கிறோமே நாம், அதனினும் குறைவு! இக்கழித்தல் கணக்கு அத்தனை எளிதன்று எனப் பின்வந்தோர் மறுத்தனர். மறுக்கட்டும், அருள்வாக்கா அது? 1879-இல் லைப்சிக்கில் வுண்ட் நிறுவிய உளவியல் ஆய்வுக்கூடத்தில், நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறு காட்டும் கடிகாரம் ஓடிற்று.