ராடரின் செவியைக் காத்த கண்ணாடிக் குழாய்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் போக்கை மாற்றிய விஞ்ஞானக் கண்டுபிடிப்புகளைப் பட்டியலிடுவோர் ராடரைத் தவறாது குறிப்பிடுவர். ராடரைப் பற்றி எழுதுவோர் மக்னெற்றோனைத் தவறாது குறிப்பிடுவர். ஆனால், அந்த மக்னெற்றோனைப் பயன்படக்கூடியதாக ஆக்கிய சிறியதொரு கண்ணாடிக் குழாயை நினைவுகூர்வோர் மிகச் சிலரே.

ராடரின் அடிப்படை எளிமையானது. வலுமிக்க வானொலித் துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டு, அது எங்கேனும் பட்டுத் தெறித்து வரும் எதிரொலிக்காகக் காத்திருக்க வேண்டும். அனுப்பப்படும் துடிப்பு பத்தாயிரம் வாற் வலுவுடையதாக இருந்தால், திரும்பி வருவதோ ஒரு வாற்றின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவாகவும் இருக்கலாம். இந்தக் கிசுகிசுப்பைக் கேட்கும் அளவுக்கு நுண்மையான வாங்கி, பக்கத்திலேயே எழும் அந்தப் பேரிடியைத் தாங்குவது எவ்வாறு? இதுவே அன்றைய ஆய்வாளர் எதிர்கொண்ட வினா.

பிரித்தானியாவின் கரையோர ராடர் நிலையங்களில் இந்தச் சிக்கலுக்கு இடத்தாலேயே தீர்வு காணப்பட்டது. துடிப்பை அனுப்புவதற்கு 360 அடி உயர உருக்குக் கோபுரங்களும், எதிரொலியை வாங்குவதற்கு அவற்றிலிருந்து விலகி 240 அடி உயர மரக் கோபுரங்களும் நிறுத்தப்பட்டன. நிலத்தில் இது சாத்தியம். ஆகாய விமானத்தின் மூக்கினுள் இரண்டு அன்ரனாக்களுக்கு இடமேது?

அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேட் பேஜ் 1936இல், ஒரே அன்ரனாவை இரு பணிக்கும் பயன்படுத்தும் வழியைச் செய்து காட்டினார். ஆனால், அவர் பயன்படுத்திய அலைநீளம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். அந்த அலைநீளத்தில் வாங்கியின் முகப்பில் இருந்தவை ஓரளவு அடிதாங்கும் வெற்றிடக் குழாய்கள்.

1940 பெப்ரவரியில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரண்டலும் ஹரி பூட்டும் தமது மக்னெற்றோனை இயக்கியதும் நிலைமை மாறிற்று. பத்து சென்ரிமீற்றர் அலைகள் பெரும் வலுவுடன் கிடைத்தன. அந்த அலைகளை வாங்குவதற்கு அன்றிருந்த வெற்றிடக் குழாய்கள் உகந்தவையாக இல்லை. எனவே, தொடக்ககால வானொலிப் பெட்டிகளில் இருந்த பழைய படிக உணரி மீண்டும் தேவைப்பட்டது. சிலிக்கன் துண்டொன்றின் மீது மெல்லிய தங்குதன் கம்பி முனை தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்தத் தொடுபுள்ளி மிகச் சிறியது என்பதால் கசிந்து வரும் சொற்ப வலுவே அதனை எரித்துவிடப் போதுமானது. 1941இல் போர்க்கப்பல்களில் பொருத்தப்பட்ட முதல் பத்து சென்ரிமீற்றர் ராடர்கள், இதனாலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அன்ரனாக்களைச் சுமந்து சென்றன.

தீர்வு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. றொபேட் சட்டன் என்பவர் இதே அலைகளை உண்டாக்குவதற்கென வெற்றிடக் குழாயொன்றை வடிவமைத்திருந்தார். ஹேர்பேட் ஸ்கின்னரும் அவரது சகாக்களும் 1941இல் அந்த வடிவத்தை எடுத்து, குறைந்த அமுக்கத்தில் வாயுவை அதனுள் நிரப்பினர். பலமான துடிப்பு வந்து மோதுகையில் உள்ளிருக்கும் சிறு இடைவெளியில் வாயு மின்னிறக்கமடைந்து ஒளிரும். அக்கணமே அது வாங்கியின் வாயிலை அடைத்து, வலுவைத் திருப்பி அனுப்பும். துடிப்பு ஓய்ந்ததும் வாயு அணையும், வாயில் திறக்கும், எதிரொலி உள்ளே செல்லும். கண்ணிமை தூசியைக் கண்டு மூடித் திறப்பதைப் போன்றதே இது.

இதிலும் இரண்டு குறைகள் இருந்தன. வாயு பற்றிக்கொள்ளும் முன்னர் ஒரு கணக் கூர்முனை உள்ளே கசிந்துவிடும். அதனைக் குறைக்க, குழாயினுள் சிறு மின்னிறக்கமொன்று அணையாவிளக்காக எந்நேரமும் பேணப்பட்டது. மற்றையது, அணைவதில் ஏற்படும் தாமதம். ஒவ்வொரு மைக்ரோ செக்கன் தாமதத்துக்கும் 150 மீற்றர் தூரம் ராடருக்குக் குருடாகும். இலத்திரன்களை விரைவாகக் கவர்ந்துகொள்ளும் நீராவி இதற்கு உதவிற்று. ராடர் ஓய்ந்திருக்கும் வேளையில் அயலிலுள்ள வேறொரு ராடரின் துடிப்பும் படிகத்தை எரிக்கக்கூடும் என்பதால், அலைவழியில் உலோக மூடியொன்றை இடும் வழக்கமும் ஏற்பட்டது.

இதன் விளைவுகளை வரலாறு இரு பக்கங்களில் எழுதியிருக்கிறது. 1943இல் அத்திலாந்திக்கில் நீர்மூழ்கிகளைத் தேடிய விமானங்களில் ஒற்றை அன்ரனா ராடர் இருந்தது. வேறு பல காரணங்களும் சேர, அவ்வாண்டு மே மாதம் ஜேர்மனி தனது நீர்மூழ்கிகளை வட அத்திலாந்திக்கிலிருந்து விலக்கிக்கொண்டது. கப்பற் தொடர்களில் சென்ற எண்ணற்ற மாலுமிகள் உயிர் தப்பினர். அதே ஆண்டு ஜூலையில் ஹம்பேர்க் நகரைத் தேடிச் சென்ற குண்டுவீச்சு விமானங்களிலும் அதே வகை ராடரே வழி காட்டிற்று. அங்கு 30,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். குழாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்று வாங்கியின் முகப்பில் படிகத்துக்குப் பதிலாகக் குறைகடத்திப் பெருக்கிகள் அமர்ந்துள்ளன. அவற்றுக்கு முன்னால், மிகை வலு வந்தால் கடத்தியாக மாறி அதனைத் திருப்பிவிடும் டயோட்டுகள் காவல் நிற்கின்றன. பொருள் மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை.

உரத்துப் பேசும் ஆற்றலைத் தந்தவர்களை வரலாறு கொண்டாடுகிறது. அந்தச் சத்தத்தின் நடுவே செவியைக் காத்துத் தந்தவர்களுக்கும் அதில் ஒரு வரி இருக்க வேண்டும்.