அஞ்சனக்கோலும் ஐ ஷேடோ பிரஷ்ஷும்

சுரண்டையில் ஒரு கல்யாண வீட்டுக்கு மணப்பெண் அலங்காரம் செய்ய வருபவர் பையைத் திறந்தால் பத்துப் பதினைந்து பிரஷ்கள் வெளியே வரும். கண்ணுக்கு மட்டுமே நாலைந்து இருக்கும். தட்டையானது ஒன்று, பூப்போல விரிந்தது ஒன்று, பென்சில் போலக் கூரானது ஒன்று. "கண்ணுக்கு இத்தனையா?" என்று பாட்டிமார் கேட்பது நியாயமே! அவர்கள் வீட்டில் கண் அலங்காரத்துக்கு முடி வைத்த பிரஷ் தேவைப்பட்டதே இல்லை. பிறகு எப்படி வந்தது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஹரப்பா, மொகஞ்சதாரோ அகழாய்வுகளில் கண்ணுக்கு மை தீட்டும் செம்புக் கோல்கள் கிடைத்துள்ளன. வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல். தமிழகத்து அகழாய்வுகளிலும் இத்தகைய செம்புக் கோல்கள் கிடைத்திருக்கின்றன. இதற்கு அஞ்சனக்கோல் என்று பெயர். மெல்லிய குச்சிதான். முனை மட்டும் மழுங்கி, வழவழப்பாக இருக்கும். ஒரு முடி கூடக் கிடையாது.

காரணம் மையில் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் மை செய்த முறையை நினைத்துப் பாருங்கள். கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டு எரிப்பார்கள். மேலே செம்புத் தட்டையோ மண் சட்டியையோ கவிழ்த்து வைத்தால் கரி படியும். அதைச் சுரண்டி எடுத்து, விளக்கெண்ணெயோ நெய்யோ விட்டுக் குழைத்தால் மை தயார். எண்ணெய்ப் பசை உள்ள பொருள் தானாகவே ஒட்டும். அதை இமை ஓரத்தில் இழுத்துவிட வழவழப்பான ஒரு முனை போதும். கோல் இல்லாத வீட்டில் மோதிர விரலே கோல்!

ஆனால் இந்த எளிய கருவிக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. ஒரே கோல், ஒரே டப்பா, வீட்டில் உள்ள எல்லாக் கண்களுக்கும். டிராக்கோமா என்ற கண் நோய் இப்படிப் பரவிய வழிகளில் ஒன்று. இது பாக்டீரியாவால் வருவது. இமையின் உட்புறம் தழும்பேறி, இமை முடி உள்பக்கமாகத் திரும்பி, கருவிழியை உரசி உரசிக் கடைசியில் பார்வையையே பறித்துவிடும். இதற்காகவே 1963-ல் மத்திய அரசு தேசிய டிராக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் இந்நோய் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2024-ல்தான். அறுபது ஆண்டுகளுக்கு மேல்!

சரி, வீட்டுக்கு விரல் போதும். கூத்துக்குப் போதாது. இரவு வெளிச்சத்தில் தூரத்தில் இருப்பவருக்கும் கண் தெரிய வேண்டும். நம் மாவட்டக் கோயில் கொடைகளில் ஆடும் கணியான் கூத்தில் ஆண்களே பெண் வேடமிட்டு ஆடுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கதகளி. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து ஆட்சியில்தானே இருந்தது! கதகளிக்காரர்கள் வண்ணக் கனிமங்களைத் தேங்காயெண்ணெயில் அரைத்துக் குழைத்து, தென்னை ஈர்க்கால் கண்ணையும் புருவத்தையும் வரைவார்கள். கண்ணிமைக் கோடு ஒரு நூல் பிசகினாலும் முகமே மாறிவிடும். அதையும் ஓர் ஈர்க்குச்சிதான் சாதிக்கிறது.

அந்த வண்ணங்களில் மஞ்சளுக்கு உரியது ஆர்சனிக் கலந்த கனிமம். தமிழில் அதன் பெயர் அரிதாரம். நடிக்கப் போவதையே 'அரிதாரம் பூசுவது' என்கிறோமே, அது ஒரு விஷக் கல்லின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

பிரஷ் அவசியமானது கண்ணுக்குப் பூசும் பொருள் தூளாக மாறிய பிறகுதான். 1873-ல் ஜெர்மனியின் லுட்விக் லைஷ்னர் விற்கத் தொடங்கிய மேடை மேக்கப் குச்சியும், 1914-ல் மேக்ஸ் ஃபேக்டர் சினிமாவுக்காகச் செய்த கிரீமும் பசை வகைதான். அவற்றை விரலால் தேய்த்தாலே போதும். டப்பாவில் அழுத்தி வைத்த ஐ ஷேடோ தூள் அப்படி அல்ல. விரலால் தொட்டால் திட்டுத்திட்டாகப் படியும். விலங்கு முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. தூள் அதில் தங்கி, இமையில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால் நிறத்தை எடுத்து வைக்கத் தட்டையான, அடர்த்தியான முடி. ஓரங்களைக் கலைத்துவிட அணில் முடி போல மெத்தென்று விரிந்தது. கிரீம் வகைக்கோ நைலான்தான் சரி, விலங்கு முடி எண்ணெயைக் குடித்துச் சடை பிடித்துவிடும். நைலான் முடி கடைக்கு வந்ததே 1938-ல், பல் துலக்கும் பிரஷ்ஷாக!

ஜப்பானில் ஹிரோஷிமா அருகே உள்ள குமானோ ஊர்க்காரர்கள் எழுத்துத் தூரிகை செய்த கையாலேயே மேக்கப் பிரஷ்ஷும் செய்து உலகப் பெயர் வாங்கிவிட்டார்கள். நம் நாட்டில் பிரஷ் தொழிலுக்குப் பெயர்போன ஊர் உத்தரப்பிரதேசத்தின் ஷேர்கோட். இங்கேதான் ஒரு சங்கடம். ஓவியப் பிரஷ்ஷுக்காகக் கீரிகள் கொல்லப்படுகின்றன. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். 2019-ல் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினர் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடத்திக் கீரி முடியையும் பிரஷ்களையும் பறிமுதல் செய்தார்கள். ஒரு கீரியிடம் கிடைக்கும் நல்ல முடி மிகக் கொஞ்சம். ஆகவே சில பிரஷ்களுக்கே ஓர் உயிர் போகிறது.

மலிவான பிரஷ் வாங்கும்போது முடியை விரித்துப் பார்க்கலாம். நுனி கருமை, நடுவில் வெளிர்மஞ்சள், அடி மறுபடியும் கருமை என்று பட்டை பட்டையாக இருந்தால் அது கீரி முடியாக இருக்கலாம்.