தேறலும் தேனும்

நாசிக் நகரத்துக்குப் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர், அங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒயின் ஆலைகளைச் சுற்றிப் பார்த்த கதையை ஒரு மணி நேரம் சொன்னார். வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்களை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு ஊற்றுகிறார்களாம். முதலில் முகர வேண்டும்; பிறகு நாவில் புரட்ட வேண்டும்; எந்த மண், எந்தப் பழம் என்று சொல்ல வேண்டும். "நம் கல்வராயன் மலைப் பக்கத்திலும் குன்று இருக்கிறது, வறண்ட பூமி இருக்கிறது. இப்படி ஒன்று நமக்கு ஏன் இல்லாமல் போயிற்று?" என்று கேட்டார்.

"இருந்தது, ஐயா! ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்தது" என்றேன். அவர் நம்பவில்லை. ஆகவே அவரையும் அழைத்துக்கொண்டு ரிஷிவந்தியத்துக்குப் புறப்பட்டேன்.

ரிஷிவந்தியத்தில் அர்த்தநாரீசுவரர் கோயில் பிரசித்தமானது. அங்கே சுவாமிக்குத் தேன் அபிஷேகம் நடக்கிறது. தேன் வழியும்போது லிங்கத் திருமேனியில் அம்பிகையின் உருவம் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. விளக்கொளியில் பொன்னிறமாக இறங்கிய அந்தத் தேனில் ஒரு சாயல் என் கண்ணுக்கும் புலப்பட்டது. உள்ளங்கையில் வாங்கிய ஒரு துளியை நண்பர் நாவில் வைத்துக்கொண்டார். "இதுதான் முதல் கிண்ணம்" என்றேன்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. பழந்தமிழ் மலைவாணர்களின் மதுவுக்குத் தேனே தாய். கல்வராயன் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலைக்கும் அதற்கும் இடையே இருக்கிறது செங்கம். அந்தச் செங்கத்து நன்னனைப் பாடியதுதான் மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் பெருங்கௌசிகனார், பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு மலைவழியைக் காட்டுகிறார். எங்கே வழுக்கும், எங்கே பன்றிப் பொறி இருக்கும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறார். மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் கலந்த தேறலும் அந்த விருந்தில் உண்டு. அதைக் குடிக்கக் காசு வேண்டியதில்லை. வந்தவர் யார் என்று தெரியாவிட்டாலும் வீட்டுக்காரர்கள் உறவினரைப் போல உபசரிப்பார்கள்.

நாட்டுக் கள்ளோடு அயல்நாட்டு மதுவும் இங்கே புழங்கிற்று. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வந்த மதுச்சாடிகளின் ஓடுகள் அகப்பட்டன.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. மதுவின் பலவீனம் அன்றைக்கே தெரிந்திருந்தது. பக்கத்துத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் காரியைப் பற்றிக் கபிலர் புறநானூற்றில் ஒன்று சொல்லுகிறார்: காலையிலே குடித்துவிட்டு மயக்கத்தில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது, காரியோ தெளிந்த புத்தியோடு கொடுக்கிறான். கள்ளைக் கடியாமலே கள்ளின் தராதரத்தைக் கபிலர் காட்டிவிட்டார். வள்ளுவரோ பத்துக் குறளை ஒதுக்கிக் கடிந்தே விட்டார்.

பிற்பாடு நடந்தது வேறு கதை. 1886-இல் சென்னை ஆப்காரிச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது குற்றமாயிற்று. சாராயம் சர்க்காருக்கு வருமானமாயிற்று. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். நஷ்டத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-இல் அது தளர்ந்தது. மூடுவதும் திறப்பதுமாகச் சில காலம் போயிற்று. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறைக் கடையும் அதன் கைக்கு வந்தது. மதுவிலக்கு போனாலும் விற்பனை வரி போகவில்லை!

கல்வராயன் மலையோ 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. சாலையும் பள்ளிக்கூடமும் தாமதமாக ஏறிய அந்த மலையில், சாராயத் தொழில் முன்னதாகவே ஏறிவிட்டது. வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலைப் போலீசார் கொட்டுவதும், மறுபடி வேறொரு ஓடைக்கரையில் ஊறல் போடுவதும் வழக்கமாகிவிட்டன.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது தேனில் ஊறியதும் அல்ல, வெல்லத்தில் ஊறியதும் அல்ல. தொழிற்சாலைகளில் புழங்கும் மெத்தனால். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது, கண் நரம்பைத் தாக்குகிறது, உயிரையும் குடிக்கிறது. சாராயத்தில் அதைக் கலந்துவிட்டால் நாவால் பிரித்தறிய முடியாது. கிண்ணம் கிண்ணமாக ருசி பார்த்துப் பழகிய நாசிக் நிபுணரும் ஏமாந்துதான் போவார்.

திரும்பும் வழியில் கள்ளக்குறிச்சியில் பஸ் நின்றது. "கருணாபுரத்தைப் பார்த்துவிட்டுப் போகலாமா?" என்று நண்பர் கேட்டார். "வேண்டாம், அது சுற்றிப் பார்க்கும் இடமல்ல" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சற்று நேரம் கழித்து, "அப்படியானால் மூங்கில் குழாய்க் காலமே மேல் என்கிறீரா?" என்றார்.

எது மேல் என்று நான் சொல்லவில்லை. மூங்கில் குழாயை நீட்டியவன் அதே குழாயிலிருந்து தானும் குடித்தான். பாக்கெட்டுச் சரக்கோ காய்ச்சுகிறவன், கலக்குகிறவன், கடத்துகிறவன், விற்கிறவன் என்று பல கை மாறி வருகிறது. இவர்களில் யாரும் அதைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விருந்தாளியோடு பகிர்ந்துகொள்வதில்லை. நாள் முழுதும் மூட்டை தூக்கியவன் உடம்பு வலிக்காக அதை வாங்குகிறான். கடையில் விற்கும் சரக்கைவிட அது மலிவு. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். விருந்தோம்பல் வியாபாரமாகி, வியாபாரம் வருமானமாகி, வருமானம் களவாகி, கடைசியில் விஷமாக முடிந்தது. இதுதான் இந்த மலைநாட்டு மதுவின் சரித்திரம்.

பஸ் நகர்ந்தது. மேற்கே கல்வராயன் மலை நீலமாகத் தெரிந்தது. நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தம் உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, "இன்னும் தேன் வாசனை இருக்கிறது" என்றார்.