சென்னையும் ஹைதராபாத்தும் கோப்பை வென்ற லீக் ஏன் காணாமல் போனது?

ஐபிஎல் வருவதற்கு முன்பே சென்னைக்கு ஒரு சாம்பியன் டீம் இருந்தது, தெரியுமா? ஜீ குழுமத்தின் சுபாஷ் சந்திரா 2007-ல் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீக்கின் முதல் டி20 தொடரை சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் ஜெயித்தது. அடுத்ததை 2008-ல் ஹைதராபாத் ஹீரோஸ். சித்தூர், திருப்பதி ரசிகருக்கு ரெண்டுமே ‘நம்ம’ டீம்தான். ஒன்று பக்கத்து நகரம், இன்னொன்று அப்போதைய மாநிலத் தலைநகர்.

ஆனால் பிசிசிஐ இந்த லீக்கை அங்கீகரிக்கவில்லை. சேர்ந்தவருக்கு ரஞ்சி கிடையாது, இந்திய அணி கிடையாது. சித்தூர்ப் பையன் மேலே ஏற இருந்த ஒரே ஏணி ஆந்திரா கிரிக்கெட் சங்கம். அதுவும் பிசிசிஐ கையில்தான். பெரிய மைதானங்களும் அப்படியே. அதனால்தான் சென்னை டீம் கோப்பை வாங்கியது சேப்பாக்கத்தில் இல்லை, ஹரியானாவின் பஞ்ச்குலாவில்!

2008 ஏப்ரலில் ஐபிஎல் வந்தது. அந்த நவம்பரில், மும்பைத் தாக்குதலால் ஐசிஎல் தொடர் பாதியில் நின்றது. அதோடு சரி. 2009-ல் பிசிசிஐ வீரர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தது.

குண்டூர்க்காரர் அம்பத்தி ராயுடு, 2004 அண்டர்-19 உலகக் கோப்பையில் இந்தியக் கேப்டன். 21 வயதில் ஹைதராபாத் ஹீரோஸுக்குப் போனவர், இந்திய அணிக்கு முதல் ஆட்டம் ஆடியபோது வயது 27.