சரிந்த மலைமேல் ஓர் ஊர்

பிரான்ஸின் தெற்கே, அவெரோன் மாவட்டத்தில் கோம்பலு என்றொரு சுண்ணாம்புக்கல் மலை. வரலாற்றுக்கு முந்தைய காலத்தில் அதன் ஒரு பக்கம் பெயர்ந்து சரிந்தது. சுமார் 2 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலத்துக்குப் பாறைகள் குவிந்தன. அந்தக் குவியல்மேல்தான் ரொக்ஃபோர்-சூர்-சூல்ஸோன் என்ற கிராமம் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர். ஆனால் நீலப்பூஞ்சை ஓடிய அதன் செம்மறியாட்டுப்பால் சீஸை உலகமே அறியும்.

எல்லாவற்றுக்கும் காரணம் காற்று. பாறை வெடிப்புகளின் வழியே குளிர்ந்த, ஈரமான காற்று ஆண்டு முழுக்க மலைக்குள் போய்வருகிறது. இந்த வெடிப்புகளை ஊரார் 'ஃப்ளரின்' என்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும், சீஸ் பதமாகும் மலைக்குகைகளுக்குள் 8 முதல் 12 டிகிரிதான். ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி நிற்கும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அதை ரை ரொட்டியில் வளர்த்து, காய்ந்ததும் பொடியாக்கிப் பாலிலோ தயிர்க்கட்டியிலோ கலப்பது பழைய முறை. சீஸ் வட்டுகளை ஊசிகளால் துளைப்பார்கள். துளை வழியே காற்று புகுந்தால்தான் உள்ளே நீல நரம்புகள் படரும்.

இந்த வேலையைச் சுமந்தவர்கள் பெண்கள். 'கபானியேர்' எனப்பட்ட அவர்கள், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பருவந்தோறும் வந்தார்கள். பல அடுக்குகளாகக் கீழே இறங்கும் குகைகளில், விளக்கு வெளிச்சத்தில், மரக்கட்டைக் காலணியோடு நின்று உப்புத் தேய்த்தார்கள், மேல்தோலைச் சுரண்டினார்கள், வட்டுகளைப் புரட்டி வைத்தார்கள். அந்தக் குளிரில் உப்புப் பட்ட கைகள் என்ன பாடுபட்டிருக்கும்! ரொக்ஃபோரின் புகழைப் பேசும்போது அரசர்களைச் சொல்லும் முன் இவர்களைச் சொல்வதே நியாயம்.

திராட்சையும் கோதுமையும் சரியாக விளையாத ஊர் இது; சீஸ்தான் பிழைப்பு. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மன்னர் ஆறாம் சார்லஸ் இந்தச் சீஸைப் பதப்படுத்தும் தனியுரிமையை ஊர்மக்களுக்கு அளித்தார். 1666இல் துலூஸ் நீதிமன்றம் போலிச் சரக்குக்குத் தடை போட்டது. 1925இல் தனிச் சட்டமே வந்தது. பிரான்ஸில் பிறப்பிடப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு பெற்ற முதல் சீஸ் இதுதான். 1961இல் மியோ நகர நீதிமன்றம் இன்னும் தெளிவாகத் தீர்ப்பளித்தது: கோம்பலுவின் இயற்கைக் குகைகளில் பதமானால்தான் அது ரொக்ஃபோர்.

குகை இங்கே என்றாலும் பால் வருவது சுற்றியுள்ள மேய்ச்சல் நிலத்திலிருந்து. பக்கத்து லார்ஸாக் பீடபூமியில் ராணுவ முகாமை விரிக்க அரசு 1971இல் முனைந்தபோது, ஆடு வளர்ப்போர் பத்தாண்டு விடாமல் போராடினார்கள். 1981இல் குடியரசுத் தலைவர் மித்தரோன் திட்டத்தைக் கைவிட்டார். ஹார்மோன் ஊசி போட்ட மாட்டிறைச்சியை ஐரோப்பா வாங்க மறுத்ததால், 1999இல் அமெரிக்கா ரொக்ஃபோர் மீது நூறு சதவீத வரி விதித்தது. அதை எதிர்த்து அந்த ஆகஸ்டில், லார்ஸாக் போராட்டத்தில் நின்ற ஜோசே போவே உள்ளிட்ட விவசாயிகள் மியோவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைக் கழற்றிப் போட்டார்கள். போவேயின் ஆட்டுப்பாலும் ரொக்ஃபோர் சீஸுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.