அத்தாப்புக் கூரையும் தச்சர் கலையும்

கூரை வீடு என்றவுடன் வறுமையை நினைப்பது பலர்க்கு இயல்பாகிவிட்டது. ஜொகூர் நாட்டின் பழைய மலாய் இல்லங்களின் அமைப்பை ஆராய்வோர் அவ்வெண்ணம் பொருந்தாதென உணர்வர். மேலே கிடந்த ஓலை எளியது. அதனைத் தாங்கிய மரச்சட்டமோ தேர்ந்த தச்சுக் கலையின் விளைவு.

1855ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் தோற்றுவித்த தஞ்சோங் புத்ரி என்னும் கடற்கரைச் சிற்றூரே, 1866ஆம் ஆண்டில் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்றது. அபு பக்கார் எழுப்பிய இஸ்தானா பெசாரும் அவ்வாண்டினதே. அரண்மனை ஐரோப்பியப் பாணியைத் தழுவியது. எளிய மக்களின் இல்லங்களோ மலாய் மரபிலேயே நின்றன.

அவ்வில்லம் தரையில் அமர்வதன்று. கற்களின்மேல் நிறுத்திய தூண்கள் அதனை உயர்த்தி நிற்கும். ஈரமும் வெள்ளமும் அணுகா. அடியிற் காற்று உலவும். தூணில் துளையிட்டு, உத்திரத்தின் முனையைச் செதுக்கிச் செருகி, மர ஆப்பினால் இறுக்குவர். ஆணி வேண்டுவதில்லை. ஆதலின் வீட்டைப் பிரித்து வேறிடத்திற் பூட்டவும் இயலும். கெடாவிலிருந்த பெங்ஹுலு அபு செமான் இல்லம் 1990களில் இவ்வாறே கோலாலம்பூருக்குக் கொண்டுவரப்பெற்றது.

ஜொகூரில் பெருவழக்கான லீமாஸ் கூரைக்கு நெடுமுகடு ஒன்றும், அதன் இரு முனைகளினின்றும் சரிந்திறங்கும் முகடுகள் நான்கும் உண்டு. அதன்மேல் வேய்ந்த அத்தாப்பு, சதுப்பு நிலத்து நிப்பா ஓலையை மூங்கிற் பிளாச்சின்மேல் மடித்துப் பிரம்பு நாரால் தைத்தது. சில ஆண்டுகளில் அது நைந்துவிடும்; புதியது வேய்வர். கூரை மாறும், சட்டம் நிலைக்கும்.

இம்முறை கீழ்த்திசைக்கே உரியதன்று. இங்கிலாந்தில் ஸ்ட்ராட்போர்டு நகரை அடுத்த ஷாட்டரியில், ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்தவே மணத்திற்குமுன் வாழ்ந்த இல்லம் உளது. அதன் மிகப் பழைய பகுதி 15ஆம் நூற்றாண்டினது. ஓக்கு மரச்சட்டமும் புல் வேய்ந்த கூரையும் உடைய அதனை 1892இல் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை விலைக்கு வாங்கிற்று. 1969இல் தீயினாற் பெருஞ்சேதம் உற்றும் அது மீண்டும் செப்பனிடப்பெற்றது. தச்சும் கூரை வேய்தலும் அங்கு வாழும் தொழில்களாய் இருந்தமையின் அது இயன்றது.

ஜொகூரில் அத்தாப்பின் இடத்தைத் தகரம் பெற்றது. தீயச்சம் குறைந்தது, அடிக்கடி வேயும் உழைப்பும் ஒழிந்தது. ஆயின் நண்பகல் வெப்பம் உள்ளே இறங்கிற்று. ஓலை தைக்கும் கைகளும் அருகின. மரம் பொருத்தவும் ஓலை வேயவும் அறிந்தோர் உள்ளவரையே இத்தகைய இல்லங்கள் தீயையும் காலத்தையும் வென்று நிற்கும்.